மூணு பேரும் ஒரு துப்பட்டாவும்: சென்னையில் பெண்கள் பங்க் குழு தொடங்குவது எப்படி

"பங்க் பேண்ட் ஆரம்பிக்கப் போறோம்மா" என்று வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டது, "பெட்ரோல் பங்க்கா? அதுக்கெல்லாம் கோடிக்கணக்குல பணம் வேணுமேடி." இது வேகமாக, கோபமாகக் கத்திப் பாடுகிற ஒரு ராக் இசை என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. விளக்கி முடித்ததும் அவர் சொன்னது இன்னும் பெரிய உண்மை: "ஓ, ஒப்பாரி மாதிரி கத்துறதா? அதுக்கு எதுக்கு இங்கிலீஷ் பேரு?"

இந்தக் குறிப்பு முழுக்க அந்த ஒரு வரியைச் சுற்றித்தான். பாட வராதவர்கள், கிட்டாரைத் தொட்டே பார்க்காதவர்கள், ஆனால் ஏதோ ஒன்றின் மேல் சரியான கோபத்தில் இருப்பவர்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேர். ஒருத்திக்கு மட்டும்தான் தாளம் நிற்கும், அது நான் இல்லை.

முதலில் மாஸ்கோ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள், ஆசைப்பட்டுத் தப்பான பாடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். 2011-இல் உருவான புஸ்ஸி ரயட் என்ற ரஷ்யப் பெண்கள் பங்க் குழு, 2012 பிப்ரவரி 21 அன்று மாஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயத்துக்குள் கலர் கலரான முகமூடியோடு புகுந்து, புதினை விரட்டும்படி மேரி மாதாவிடம் வேண்டிப் பாடியது. அவர்கள் உள்ளே ஆடியது ஒரு நிமிடம்கூட இல்லை. குழுவில் ஒருவரான யெகதெரினா சமுத்செவிச் கிட்டாரைப் பையிலிருந்து எடுப்பதற்குள் காவலாளிகள் அவரை வெளியே தள்ளிவிட்டார்கள், அதாவது கிட்டார் அங்கே ஒலிக்கவே இல்லை. நாம் பார்த்த வீடியோ, வேறொரு தேவாலயத்தில் முன்பே எடுத்த காட்சிகளையும் தனியாகப் பதிவு செய்த பாட்டையும் சேர்த்து வெட்டி ஒட்டியது. அந்தச் சில நொடிக்குத்தான் ஆகஸ்ட் 17 அன்று மூன்று பேருக்கு இரண்டு ஆண்டு சிறை. சமுத்செவிச் அக்டோபரில் மேல்முறையீட்டில் வெளியே வந்தார். மற்ற இருவரான தொலகோன்னிகோவாவும் அல்யோகினாவும் 2013 டிசம்பர் வரை உள்ளே.

இதில் நமக்கு வேண்டியது மூன்றே விஷயம்: சின்னதாக இரு, இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடு, கேமராவை யாரிடம் கொடுக்கிறோம் என்று முன்பே முடிவு செய். தேவாலயத்தை அப்படியே கோயில் என்று மாற்றிக்கொண்டு கபாலீஸ்வரர் சன்னதிக்குக் கிளம்பிவிடாதீர்கள். அவர்கள் அங்கே போனதற்குக் காரணம், அந்தத் திருச்சபையின் தலைவர் தேர்தலுக்கு முன் புதினை வெளிப்படையாகப் புகழ்ந்தார் என்பது. உங்கள் கோபத்துக்கான இடம் வேறெங்கோ இருக்கும்.

யாரைத் திட்டப் போகிறோம்

குழு ஆரம்பிக்கிற எல்லோரும் முதல் பாட்டை "ஆணாதிக்கம்" மேலேயே எழுதுகிறார்கள். நாங்களும் எழுதினோம். படு மோசமான பாட்டு. கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், ஆண்கள் உட்பட, அப்போதே தெரிந்துவிட்டது அது யாரையும் தொடவில்லை என்று.

இரண்டாவது பாட்டு ஒரு பூட்டைப் பற்றியது. நாங்கள் தினமும் பஸ் ஏறுகிற இடத்தில் பெண்கள் கழிப்பறை இருக்கிறது, கட்டிடம் இருக்கிறது, பளபளவென்று டைல்ஸ் இருக்கிறது, திறப்பு விழாக் கல்வெட்டுகூட இருக்கிறது. ஆனால் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் கடைக்காரர் இன்னொருவரைக் கைகாட்டுவார், அவர் வார்டு ஆபீஸைக் கைகாட்டுவார். கவுன்சிலர் ஒரு அக்கா. அவர் நம்பருக்கு ஃபோன் அடித்தால் எடுத்தது அவருடைய வீட்டுக்காரர். "என்கிட்டயே சொல்லும்மா, நான்தான் எல்லாம் பாக்கறேன்." தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தாயிற்று, அந்தப் பாதியில் எத்தனை ஃபோனை வீட்டுக்காரர் எடுக்கிறார் என்பதற்குச் சட்டம் எதுவும் இல்லை. பாட்டு அங்கேயே பிறந்துவிட்டது:

சாவி எங்க, சாவி எங்க,
பூட்டு மட்டும் பளபளக்குது!
ஓட்டு கேக்க வந்த சாவி
யாரு இடுப்புல தொங்குது?

இதற்குப் பின்பாட்டு ஒரே சொல்: "தொற! தொற! தொற!" அவ்வளவுதான். பொருள் இந்த அளவுக்குக் குறுக வேண்டும். பூட்டு, குப்பை லாரி, தெருவிளக்கு, ஒரு சுற்றறிக்கை, ஒரு அமைச்சர் மேடையில் உதிர்த்த ஒரு வாக்கியம், இப்படிக் கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று.

இதற்கு நம்மூர் உதாரணம் வேண்டுமென்றால், சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் 2015 ஜூலையில் பாடிய 'கொடைக்கானல் வோன்ட்' இருக்கிறது. இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவைக் கொடைக்கானலில் விட்டுப்போன விவகாரம், ஆலை 2001-லேயே மூடியாயிற்று, தொழிலாளர்கள் பதினாலு வருஷமாக அலைந்துகொண்டிருந்தார்கள். அவர் உலகமே அறிந்த ஒரு அமெரிக்கப் பாப் மெட்டில் வசனத்தை ஏற்றி, கம்பெனி பேரைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிப் பாடினார். 2016 மார்ச்சில் கம்பெனி 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்படிக்கைக்கு வந்தது. பாட்டு மட்டுமே அதைச் செய்தது என்று சொல்ல மாட்டேன், பல வருஷ வழக்கும் போராட்டமும் பின்னால் இருந்தன. ஆனால் பாட்டில் ஒரு முகவரியும் ஒரு கோரிக்கையும் இருந்தன. உங்கள் வரிகளை எழுதி முடித்ததும் அந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மெட்டு

பங்க் பாட்டுக்கு மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) போதும் என்பார்கள், உண்மைதான். கிட்டாரில் மேலே இருக்கிற தடித்த கம்பியில் ஆள்காட்டி விரலை ஒரு கட்டத்தில் வைத்து, அடுத்த கம்பியில் இரண்டு கட்டம் தள்ளி மோதிர விரலை வையுங்கள், மற்ற கம்பிகளைத் தொடாமல் இந்த இரண்டை மட்டும் அடியுங்கள். இதுதான் பவர் கார்டு. கையை அப்படியே விறைப்பாக வைத்து மேலும் கீழும் நகர்த்தினால் மொத்தப் பாட்டும் முடிந்தது. ஒரு வாரம் விரல் நுனி எரியும். வேகம் நிமிடத்துக்கு 170, 180 அடி. பாட்டு ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உங்களுக்கே மூச்சு வாங்கும்.

ஆனால் கிட்டார் இல்லாவிட்டாலும் குழு நிற்கும், இதை நான் அடித்துச் சொல்கிறேன். ஒப்பாரியைக் கவனித்துக் கேளுங்கள். ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள், நடுவில் மாமியார், நாத்தனார், செத்துப்போன புருஷன் வரை எல்லோருக்கும் பகிரங்கமாகத் திட்டு விழும், யாரும் எழுந்து போக முடியாது. நம் ஊரில் பெண்கள் சத்தமாகத் திட்டுவதற்கு ஊரே அனுமதித்த ஒரே மேடை அது. அந்த இழுவையை எடுத்து வேகத்தைக் கூட்டினால் பங்க். எங்கள் சாவிப் பாட்டின் முதல் பாதி ஒப்பாரி இழுவை, "தொற" வரும்போது திடீரென்று வேகம் ஏறும். கேட்கிறவர்கள் சிரிக்கத் தொடங்கி, பிறகு சிரிப்பை நிறுத்துவார்கள். அந்த நிறுத்தம்தான் எனக்குப் பிடித்த இடம்.

கானாவும் அப்படித்தான். கானா ஆண்கள் பாடுவது என்றிருந்த நிலையில் இசைவாணி வந்தார், 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடையேறிய சாதி எதிர்ப்பு இசைக்குழுவான கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்வில் பாடினார், 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இன்னும் பின்னால் போனால், விடுதலைப் போராட்ட நாடகக் கலைஞர் விஸ்வநாததாஸோடு மேடையில் நடித்த கே.பி. ஜானகி அம்மாள், வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடிப் பேசிச் சிறைக்குப் போனவர். அதனால் "இதெல்லாம் வெளிநாட்டுச் சமாச்சாரம்" என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள்.

பறை வாசிக்கத் தெரிந்த தோழி கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் ஒன்று, சென்னைக் கடலோரக் காற்றில் சாயங்காலம் தோல் தொய்ந்துபோய் 'தொம் தொம்' என்று ஊமையாகிவிடும். வாசிப்பதற்கு முன் வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்தி, தோல் தீயில் படாமல் சுற்றிச் சுற்றிக் காட்டிச் சூடேற்ற வேண்டும், விரலால் சுண்டினால் 'டங்' என்று வர வேண்டும். நாங்கள் முதல் தடவை இதை வாடகை வீட்டு மொட்டை மாடியில் செய்தோம். புகையைப் பார்த்து ஹவுஸ் ஓனர் மேலே வந்தார். அதற்கப்புறம் மணிக்கணக்கு வாடகையில் ஜாம் ரூம், அதாவது இசை ஒத்திகை அறை, எடுத்துக்கொள்கிறோம், மூன்றாகப் பிரித்தால் தாங்குகிறது. பறையைக் கையில் எடுக்கும்போது அதை இழிவு என்று சொல்லி யார் தலையில் கட்டினார்கள், யார் மீட்டார்கள் என்ற கதையையும் தெரிந்துகொண்டு எடுங்கள், ஃபேஷனுக்கு எடுக்காதீர்கள்.

சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கக் கடன் வாங்க வேண்டாம். தெருவில் தள்ளுவண்டியில் "வெங்காயம் கிலோ..." என்று ஒரே குரலில் திரும்பத் திரும்பக் கத்துகிறதே, அந்த ரெக்கார்டிங் மெகாபோன் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் கிடைக்கும். பேட்டரியில் ஓடும். பின்பாட்டை அதில் பதிந்துகொண்டால் மூன்று பேர் முப்பது பேர் மாதிரி கேட்கும். குரல் கரகரவென்று வரும், நமக்கு அதுதான் வேண்டும்.

முகம்

மாஸ்கோ குளிருக்குக் கம்பளி முகமூடி சரி. மே மாதம் தி. நகரில் அதைப் போட்டால் இரண்டாவது சரணத்துக்குள் மயங்கி விழுவீர்கள். நமக்கு அது தேவையும் இல்லை. ஸ்கூட்டியில் போகிற எந்தப் பெண்ணையும் பாருங்கள், துப்பட்டாவால் தலை, முகம், கழுத்து எல்லாம் சுற்றி மேலே கூலிங் கிளாஸ். வெயிலுக்கு, தூசிக்கு, அப்புறம் மாமா பையன் பார்த்து வீட்டில் போட்டுக்கொடுக்காமல் இருக்க. சிக்னலில் அப்படி இருபது பேர் வரிசையாக நிற்கும்போது எனக்கு எப்போதும் ஒரு பெரிய பங்க் குழு கிளம்பி நிற்கிற மாதிரியே தோன்றும்.

பருத்தித் துப்பட்டாவாக எடுங்கள், சிந்தெடிக் வேண்டாம், கத்தும்போது மூக்கில் ஒட்டும். தலையில் போட்டு ஒரு முனையை மூக்குத்தண்டின் மேல் கொண்டுபோய்ப் பின்னால் இரண்டு ஊக்கு குத்துங்கள், ஒன்று குத்தினால் குதிக்கும்போது அவிழும், எனக்கு அவிழ்ந்திருக்கிறது. வாய்க்கு நேராகக் கத்தரியால் சின்னதாக வெட்டி ஓரத்தைத் தைத்துவிடுங்கள். மூன்று பேருக்கும் மூன்று கண்ணைப் பறிக்கிற நிறம். முகம் காட்டிப் பாட விரும்புகிறவர் காட்டட்டும், அதைக் கட்டாயமாக்காதீர்கள். ஒவ்வொருவர் வீட்டு நிலவரமும் வேறு.

எங்கே, எப்போது, எந்தப் பிரிவில்

இந்தப் பகுதி சலிப்பாக இருக்கும், தாண்டிப் போகாதீர்கள்.

சென்னையில் பொது இடத்தில் ஆர்ப்பாட்டம், கூட்டம் எதற்கும் 1888-ஆம் வருஷத்து நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். கமிஷனர் தடை உத்தரவை நீட்டித்துக்கொண்டே இருப்பார். குறைந்தது 5 நாளுக்கு முன் மனு கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், நாள், நேரம், எத்தனை பேர், மைக் உண்டா எல்லாம் எழுதி. வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் பக்கம்தான் வழக்கமாகக் கொடுப்பார்கள். மெரினாவை மறந்துவிடுங்கள், 2017 ஜல்லிக்கட்டுக்குப் பிறகு அங்கே போராட்டத்துக்கு இடமில்லை. உள்ளரங்கம், கல்லூரி, யாராவது தோழியின் கல்யாண வரவேற்பு இதெல்லாம் தொடங்குவதற்கு எளிது. (கல்யாண வரவேற்பில் நாங்கள் பாடியபோது கிடைத்த கைதட்டல் வேறெங்கும் கிடைத்ததில்லை, மாப்பிள்ளை வீட்டார் மட்டும் கொஞ்சம் உர்ரென்று இருந்தார்கள்.)

ஒலிபெருக்கி இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம்.

வரிகளை எழுதும்போது மூன்று பிரிவுகளை மனதில் வையுங்கள், எல்லாம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில்: ஆபாசப் பாட்டுக்கு 296, மத உணர்வைப் புண்படுத்தினால் 299, அவதூறுக்கு 356. முதலாவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294-தான், தமிழ்நாட்டு எஃப்ஐஆர்களில் உப்பு மாதிரி எல்லாவற்றிலும் தூவுவார்கள். அதனால் கெட்டவார்த்தை இல்லாமல் திட்டப் பழகுங்கள், அது கஷ்டமான கலை, ஆனால் நம் பாட்டிகள் எல்லோருக்கும் வரும். ஆளைத் திட்டாமல் அவர் பதவியில் செய்ததைத் திட்டுங்கள், அதற்கு ஆதாரம் கையில் இருக்கட்டும். இவ்வளவு பார்த்தும் ஒன்றும் நடக்காது என்று உத்தரவாதம் இல்லை. டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்கே 2015 அக்டோபரில் பாடகர் கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைதானார். 2019 டிசம்பரில் பெசன்ட் நகரில் குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிராகக் கோலம் போட்ட பெண்களையே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கோலம்!

சென்னையில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வேனில் ஏற்றுவார்கள், ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைப்பார்கள், சாயங்காலம் விடுவார்கள். தண்ணீர் பாட்டில், நாப்கின், மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரை, சார்ஜர் இதெல்லாம் பையில் இருக்கட்டும். வக்கீல் நம்பரைக் கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள், ஃபோனை வாங்கிவிட்டால் மனப்பாடமாக யாருக்கும் யார் நம்பரும் தெரியாது. தெரிந்த வக்கீல் இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. முறையான கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்பது பொது விதி, விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி நடுவரின் முன் அனுமதியோடு செய்யலாம். இதை நிதானமான குரலில் சொல்லப் பழகுங்கள். பாட்டை ஒத்திகை பார்ப்பதுபோல இதையும் பார்க்க வேண்டும், நாங்கள் ஒருத்தியை இன்ஸ்பெக்டராக உட்கார வைத்துப் பார்த்தோம், அவள் தேவைக்கு மேல் நன்றாக நடித்தாள்.

காகிதம்

வேகமாகக் கத்துகிற பாட்டில் பாதி வரி புரியாது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் ரயட் கேர்ள் என்ற பெண்ணிய பங்க் இயக்கம் கிளம்பியபோது, பிகினி கில் குழு பாட்டு வரிகளைத் தாளில் அச்சடித்துப் பெண்களிடம் கொடுத்தது, பெண்களை மேடைக்கு முன்னால் வரச் சொன்னது. அதற்கு நூறு வருஷம் முன்பே நம் பார்க் டவுன் குஜிலிக் கடைகளில் கொலைச் சிந்து, ரயில் சிந்து என்று அணாக் கணக்கில் பாட்டுப் புத்தகம் விற்றிருக்கிறது. ஆக இது பழைய சென்னை வியாபாரம்.

ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்யலாம். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். பிறகு அகலவாக்கில் பாதி, மறுபடி பாதி மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டம். இப்போது அகலவாக்கில் ஒரு தடவை மட்டும் மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்டம் வரைக்கும் வெட்டுங்கள். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனையையும் பிடித்து உள்ளே தள்ளினால் நடுவில் வாய் திறக்கும், அதை அப்படியே அழுத்திச் சுற்றினால் புத்தகம். முதலில் வெறும் தாளில் செய்து பக்கத்துக்கு எண் போட்டு, பிரித்துப் பாருங்கள், மேல் வரிசை தலைகீழாக இருக்கும். அதைப் பார்த்து எழுதுங்கள். நாங்கள் பார்க்காமல் அடித்த முதல் 100 பிரதியில் பாதிப் பாட்டு தலைகீழ். ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் யாரிடம் புகார் கொடுப்பது, ஒரு பக்கம் படம். தாளை மொத்தமாக பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வாங்குங்கள். சுவரில் மட்டும் ஒட்டாதீர்கள், 1959-இலேயே அதற்கொரு சட்டம் இருக்கிறது. கையில் கொடுத்தால் வீட்டுக்குப் போகும்.

கேமராவும் வீட்டுக்குப் போவதும்

படம் எடுப்பவர் பாடுகிறவராக இருக்கக் கூடாது. இரண்டு ஃபோன், ஒன்று கிட்டே, ஒன்று எதிர்ச் சாரியில். எடுத்து முடித்ததும் கிட்டத்து ஃபோன் உடனே வேறொருவர் கையில் அந்த இடத்தை விட்டுக் கிளம்பட்டும். கைரேகைப் பூட்டை எடுத்துவிட்டு நம்பர் பூட்டு போடுங்கள். கூட்டத்தில் நிற்கும் பெண்களின் முகம், வண்டி நம்பர், தெருப் பெயர்ப் பலகை எல்லாவற்றையும் மறைத்த பிறகே ஏற்றுங்கள், இடம் காட்டும் வசதியை அணைத்துவிட்டு. வரிகளைத் திரையிலேயே போடுங்கள். ஏற்றிய முதல் இரண்டு நாள் கமெண்ட்டை நீங்கள் படிக்காமல் நம்பிக்கையான ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள்.

சாவிப் பாட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வீடியோ போட்ட மூன்றாம் நாள் கழிப்பறை திறந்திருந்தது, பதினைந்து நாள் கழித்து வேறு பூட்டு தொங்கியது. மூன்றாவது சரணம் எழுதியாயிற்று.

பாடி முடித்ததும் சேர்ந்து நின்று டீ குடிக்கிற ஆசை வரும், அந்த இடத்திலேயே வேண்டாம், இரண்டு ஸ்டாப்பிங் தள்ளிக் குடியுங்கள். துப்பட்டாவை மாற்றிக் கட்டுங்கள், ஒரே பஸ்ஸில் ஏறாதீர்கள், ஆனால் யாரையும் தனியாகவும் விடாதீர்கள். வீடு போய்ச் சேர்ந்ததும் "வந்துட்டேன்" என்று ஒரு வரி. கடைசி ஆளின் "வந்துட்டேன்" வரும்வரை ஃபோனை சைலண்ட்டில் போட வேண்டாம்.